காற்றுக்கு எத்தனை புள்ளி?

இந்த நாட்டில் காற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். கோடையில் ரி.வி.யில் வெயில், மழை சொல்லி முடித்த கையோடு, நாளைக்குக் காற்று இத்தனை என்று ஒரு நம்பர் வரும். ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் அது ஐம்பதைத் தாண்டிய ஒருநாள், காற்று பாஸ் பண்ணிவிட்டது என்று சொல்லி என் கணவர் மகள் ஆரணியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்திலேயே முட்டு வந்து மூச்சு இழுக்க இழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நம்பர் ஏற ஏறக் காற்று பழுது, அப்படியான நாளில் முட்டுக்காரப் பிள்ளைகள் வெளியே ஓடி விளையாடக் கூடாது, மூச்சுக்கு அடிக்கிற பம்ப் கையோடு இருக்கவேணும் என்று தாதி விளக்கினா. எங்கள் ஊரில் நாற்பதுக்கே பாஸ் என்று இவர் நியாயம் சொல்ல, அந்த மனிசி ஒன்றும் விளங்காமல் தலையாட்டினா. சோதனை எழுதி வளர்ந்த சனம், வேறென்னத்தைக் கண்டோம்!

சமாதான காலத்தில் வன்னிக்குப் பாதை திறந்ததும், ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்கராயனில் இருக்கும் என் தம்பியிடம் போனோம். அவனைக் கண்டு எத்தனையோ வருஷம். ஆனாலும் கைப்பையில் இரண்டு பம்ப் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். சிறுபோக அறுவடை, நெல் சூடடிக்கிற தூசி, கச்சான் காற்று. நம்பர் சொல்ல அங்கே ஆர் இருக்கினம்? ஒருதரம் இழுத்தாலும் அடுத்த நாளே கொழும்புக்குத் திரும்புவது என்று முடிவு.

பயந்தபடியே நடந்தது. பக்கத்து வயல் தங்கராசா அண்ணை வைக்கலுக்கு நெருப்பு வைக்க, புகை நேரே வீட்டுக்குள் வந்தது. ஆரணிக்கு இழுப்பு. நான் வேலியில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். மனிசன் பதறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பம்ப் அடித்து மகளுக்கு மூச்சு சீரானதும் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். தம்பி கதிரையில் இருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விடியத் தங்கராசா அண்ணை வாசல் படலையில் நின்றார்.

"தங்கச்சி, போகாதேங்கோ. இனி மூட்டுறதெண்டால் முதல்நாளே வந்து சொல்லுறன். காத்து உங்கட பக்கம் அடிச்சால் மூட்டமாட்டன்."

சொன்னபடி செய்தார். மற்ற வயல்காரருக்கும் சைக்கிளில் போய்ச் சொல்லி வைத்தார். பின்னேரம் பின்னேரம் வந்து, நாளைக்கு ஆர் சூடடிக்கினம், காற்று எந்தப் பக்கம், பிள்ளையை எங்கே விளையாட விடலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் ஆரணி, இன்றைக்குக் காற்று எத்தனை என்று அவரிடமே கேட்டாள்.

"நூறு, பிள்ளை! ஓடி விளையாடு."

அவள் அலறிக்கொண்டு உள்ளே ஓடிப் பம்பை எடுத்தாள். தங்கராசா அண்ணை திகைத்துப்போய் நிற்க, நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். பெட்டி பிறகு விடுமுறை முடியும்வரை அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. ரொறொன்ரோவில் நம்பர் சொல்லுவார்கள், கார்கள் தங்கள்பாட்டில் புகை கக்கி ஓடும், கதவைப் பூட்டுவது எங்கள் வேலை. இங்கே புகை போடுகிறவரே வீடு தேடி வந்து சொன்னது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஓகஸ்டில் தம்பி கிளிநொச்சி ரவுணில் இருந்து ரெலிபோன் எடுத்தான். கதைத்து முடிய, கூட வந்த தங்கராசா அண்ணையிடம் கொடுத்தான்.

"தங்கச்சி, நாளைக்கு வைக்கல் மூட்டப்போறன். பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ."

பகிடியோ, பழக்கமோ தெரியவில்லை. ஓம் அண்ணை என்றேன். ஆரணியிடம் சொன்னேன். ரி.வி.யில் அன்றைக்கு நம்பர் பதினெட்டு, நல்ல காற்று. அவள் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள்.