எர்ணாவூர் மேட்ச் படம்

போன வாரம் என் மகள் தன் போனிலிருந்து கல்யாணப் படங்களை என் லேப்டாப்புக்கு அனுப்பினாள். ஒன்றும் திறக்கவில்லை. ஃபைல் பெயருக்குப் பின்னால் ஹெச்.இ.ஐ.சி. என்று ஒரு புது வால். "பழைய கம்ப்யூட்டர்மா, தூக்கிப் போடு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம். எத்தனை வால் பார்த்தவள் நான்! கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தேன், அத்தனை படமும் ஜேபெக்காக வந்து விழுந்தது. முகத்தைக் கொஞ்சம் 'எப்படி?' என்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

இந்தத் திமிர் இருபது வருஷத்துக்கு முன்னால் வடசென்னை எம்.கே.பி. நகரில் சம்பாதித்தது. அங்கே பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். கீபோர்டெல்லாம் எண்ணெய் வாசம். வருகிறவன் போகிறவன் ஃப்ளாப்பியைச் சொருகி வாரா வாரம் வைரஸ். வெறுத்துப்போய், பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டேன். திரையில் அதன் சின்னமான பென்குயின் வந்து உட்கார்ந்ததும் "இன்னாக்கா, வாத்து வளக்குறியா?" என்று பையன்கள் ஓட்டினார்கள்.

அதே பையன்கள்தான் ஃபுட்பால் என்றால் உயிரை விடுவார்கள். அந்த வருஷம் ஃபைனலில் எர்ணாவூர் டீமிடம் ஒரே கோலில் தோற்றோம். எங்கள் கோல்கீப்பர் பாபு இடது பக்கம் பாய, பந்து வலது பக்கம் போனது. பாபு பெண் எடுத்தது எர்ணாவூரில். போதாதா? "மாமியா வூட்டுக்கு வுட்டுக் குட்த்துட்டான்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அதிகம் கத்தியது என் தம்பி முரளி. டிஃபென்ஸ் ஆடுகிறவன், பாபுவின் உயிர்த் தோஸ்து. டீக்கடைக்கு பாபு வந்தால் எழுந்து போய்விடுவான். பந்து யார் காலிலோ பட்டுத் திரும்பியது என்று பாபு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கோலுக்குப் பின்னால் ஒரு காலேஜ் பையன் பெரிய கேமராவோடு நின்றிருந்தான். பாபு அவனைத் தேடிப் பிடித்து, படங்களை சிடியில் வாங்கி வந்தான். எங்கே போட்டாலும் திறக்கவில்லை. ஒரு சென்டரில் வாலை ஜேபெக் என்று மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

"என் மானமே இதுக்குள்ளதான் கீதுக்கா" என்று கடைசியில் என்னிடம் வந்து நின்றான் பாபு.

உள்ளே இருப்பது என்ன வகை என்று லினக்ஸிடம் கேட்டேன். டிஃப் என்றது, அதுவும் ஒரு பட வகைதான். அப்படியே திறந்தால் தபால்தலை அளவுக்கு ஒரு படம், பந்து எது தலை எது என்று தெரியவில்லை. ஃபைலோ மெகா சைஸ். மீதிப் படம் உள்ளேதான் எங்கோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இணையத்தில் துழாவினேன். பெரிய கேமராக்கள் படத்தைக் கழுவாத ஃபிலிம் மாதிரி பச்சையாகவே வைத்துவிடுமாம். அதைத் திறக்கிற குட்டி புரோகிராம் ஒன்றை, மோடம் கத்தக் கத்த இறக்கி ஓட்டினேன். முரளியும், பாபு பக்கம் திரும்பாமலே, வேடிக்கை பார்க்க வந்து நின்றான்.

திரை முழுக்கப் படம் வந்தது. பாபு இடது பக்கம் பாய்கிறான். பந்து ஒரு குதிகாலில் பட்டுக்கொண்டிருக்கிறது. பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கும் அந்தக் காலின் சொந்தக்காரன் முரளி.

முரளி குனிந்து திரைக்குக் கிட்டே வந்து பார்த்தான். "பட்டது எனக்கே தெர்லடா" என்றான் முரளி.

"போதும்க்கா. இவன் பாத்தா போதும், தெருவுக்குத் தெரிய வேணாம்" என்றான் பாபு.

"பிரிண்ட் போடுக்கா. பெர்சா போடு" என்றான் முரளி.

அவனே டீக்கடைச் சுவரில் ஒட்டினான். சாயங்காலம் முழுக்க அதன் கீழேயே நின்றான். கிண்டல் செய்தவர்களுக்கெல்லாம் "என் காலுதான், நல்லா பாத்துக்க" என்று ஒரே பதில். பாபு வந்து டீ சொன்னான், ரெண்டாக.

அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். என் சென்டரும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு கோலுக்கும் ஆளாளுக்கு வீடியோ எடுக்கிறார்கள். எல்லாம் தொட்டதும் திறக்கிறது, யார் தப்பென்று அடுத்த நிமிஷம் ஊருக்கே தெரிகிறது. என் காலுதான் என்று வந்து நிற்கிற ஆளைத்தான் காணோம்.