அண்ணிக்குப் பல் கட்டிய நாள்

தெருவே கொக்கு என்று கூப்பிடும் அந்த நெட்டைப் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தது தெரு இல்லை, அவளுடைய நாத்தனார். கல்யாணப் பந்தியில், வாய் நிறையச் சாப்பாட்டோடு, "இந்தக் கொக்கு என் தம்பியோட ஆறு மாசம்கூடக் குடும்பம் நடத்தாது" என்றாள். நாத்தனாரின் குரல் சாதாரணக் குரல் இல்லை. அவள் வாசலில் நின்று தும்மினால் மூன்றாவது தெருவில் கட்டியிருக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கே கேட்டது என்றால், எதிர்ப்பந்தியில் இருந்த மணப்பெண்ணுக்குக் கேட்காதா?

மாப்பிள்ளை செயற்கைப் பல் கட்டுகிறவர். கொக்கும் சீக்கிரமே மெழுகு உருக்கவும் அச்சு வார்க்கவும் கற்றுக்கொண்டாள். அவர் முன்னறையில் அளவெடுப்பார், அவள் பின்னறையில் பல்லுக்குப் பளபளப்பு ஏற்றுவாள். நடுவே ஒரு திரை. அதன் வழியாக நாள் முழுக்கப் பேச்சும் கேலியும் போய்வரும். நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கவும் முடியாமல் தவிப்பார்கள். அவ்வளவு சந்தோஷத்திலும் பந்தியில் கேட்ட அந்தப் பேச்சு மட்டும் முள்ளாகத் தொண்டையில் நின்றது. நாத்தனார் வாயாலேயே அதைத் தப்பு என்று சொல்ல வைக்காமல் இந்தக் கட்டை வேகாது என்று இருந்தாள் கொக்கு.

முப்பதாவது கல்யாண நாளன்று நாத்தனார் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வாயில் ஒரு பல் கிடையாது. எல்லாவற்றையும் கரைத்தே குடித்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அளவெல்லாம் எடுத்தாயிற்று, இன்று மெழுகில் பதித்த பல்லை மாட்டிப் பேச வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள்.

"இன்னைக்கு எண்ண வேண்டாம் அண்ணி," என்று திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் கொக்கு. "நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க. 'என் தம்பி பொண்டாட்டி தங்கம். அன்னைக்குப் பந்தியில நான் சொன்னது தப்பு.'"

"என்னடா இது?" நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.

தம்பி அக்காவுக்கு எதிராக ஒரு இருமல்கூட இருமியதில்லை. அவர் 'விடு' என்று சொல்லிவிட்டால் முப்பது வருஷக் காத்திருப்பும் போச்சு.

"இதுலதான்க்கா நாக்கு எல்லா இடத்துலயும் படுது," என்றார் அவர். "சொல்லு."

எருமை முனகுவது போலச் சொன்னாள்.

"சத்தம் வெளிய வரலியே," என்றார் தம்பி.

மறுபடி சொன்னாள். பல்லைக் கழற்றி, கத்தியால் சுரண்டி, மாட்டினார். "'தங்கம்' கொஞ்சம் இழுக்குது. இன்னொரு தடவை." கழற்றினார், சுரண்டினார், மாட்டினார். "'தப்பு' அழுத்தமா வரணும்க்கா."

வெறிபிடித்துப்போன நாத்தனார் அதையே தன் சொந்தக் குரலில் கத்தினாள். காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எதிர்க்கடைத் தராசில் முள் நடுங்கியது. பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒருவர், "சரிம்மா, சரிம்மா, மன்னிச்சாச்சு" என்றார்.

கொக்கு அப்போதுதான் கவனித்தாள், மேசையில் ஒரு துணுக்கு மெழுகுகூட விழவில்லை. மனிதர் இவ்வளவு நேரமும் காற்றைச் சுரண்டியிருக்கிறார்.

"முதல் தடவையே சரியாத்தான்டா உக்காந்துச்சு. எனக்குத் தெரியாதா?" என்றாள் நாத்தனார்.

"பின்ன ஏன் அண்ணி சொன்னீங்க?"

"ஒரு கடலையக் கடிச்சு எத்தனை மாசமாச்சு தெரியுமாடி? அதுக்காக உன்னை மகாராணின்னுகூடச் சொல்லுவேன். சீக்கிரம் செஞ்சு குடு." விருட்டென்று போய்விட்டாள்.

கடலைக்காகச் சொன்னாலென்ன, தெரு கேட்டுவிட்டது. கொக்குக்கு அது தித்தித்தது.

"ஏங்க, நீங்களும் மனசுல வச்சிருந்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நீதான் எனக்கும் சேத்துத் திட்டிட்டு இருந்தியே." கையைக் கழுவினார். "அவ புருஷனுக்கும் பல்லு ஆடுதாம்."

"அதுக்கு?"

"அன்னைக்கு அவ சொன்னதும் பக்கத்துல உக்காந்து புரையேறச் சிரிச்சது யாருங்கற?"

கொக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கல்யாண நாள் சாயங்காலம் முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நாத்தனார் புருஷன் பல் கட்ட வரும்போது சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நீட்டிக்கொண்டே போனார்கள்.