பாதிரியாருக்கு முதுகு காட்டியவள்

பெட்டிக் கதவைத் திறந்து கணவருக்கு வழிவிட்டு, பின்னாலேயே நுழைந்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, பாதிரியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள் திர்ஸா பென்ஃபோல்ட். ஹார்ட்மியர் தேவாலயத்தில் அதைவிட மோசமான இடம் கிடையாது. மேற்கு வாசல் இடுக்கில் நுழைகிற காற்று நேரே முழங்காலில் வந்து அடிக்கும். குடும்பத்துக்கென்று வாடகைக்கு எடுத்த, உள்ளே எதிரெதிராகப் பலகை போட்டு, கதவு வைத்த மரப்பெட்டி அது. மெத்தை போட்ட நல்ல பலகை எதிரே பாதி காலியாகக் கிடக்கும். இவளுக்கு அது வேண்டாம்.

"இந்தக் குளிர்ல அங்க போய் உக்கார்றியே, எதிர்ப்பக்கம் உக்காரக் கூடாதா?" என்று பக்கத்துப் பெட்டிக்காரி கேட்பாள்.

"அந்தப் பக்கம் பாத்து உக்காந்தா எனக்குத் தலை சுத்துதுக்கா."

அந்த ஊரில் தலை சுற்றுகிற பெண்கள் நிறைய. அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் அந்த மூலையிலிருந்து தலையை நிமிர்த்தினால் என்ன தெரியும் என்பது ஊருக்கே தெரியும். வாசலுக்கு மேலே பாட்டுக்காரர்கள் உட்காரும் மாடம் தெரியும். மாடத்தின் நடுவில், முழங்கால்களுக்கிடையே பெரிய பிடிலை நிறுத்திக்கொண்டு வண்டிச் சக்கரம் செய்கிற ஏமஸ் ஹாப்டன் தெரிவான். வேதாகமத்துச் சங்கீதப் பாட்டைப் பாடும் நேரத்தில் சபை முழுவதும் எழுந்து மாடத்தைப் பார்க்கத் திரும்பி நிற்பது அங்கே வழக்கம். அப்போது மற்றவர்கள் பார்க்கும் திசையைத்தான் திர்ஸாவும் பார்ப்பாள். பிரசங்க நேரத்தில் மட்டும் அவள் தனி. எதிரே உட்கார்ந்திருக்கிற கணவர் முதல் வசனத்திலேயே கண்ணை மூடிவிடுவார், ஆகவே பாதகமில்லை.

வார நாட்களில் அவள் தொப்பிக்காரி. கடைவீதி முனையில், கணவரின் தானியக் கடைக்கு ஒட்டினாற்போல ஒரு சிறு அறை. வைக்கோல் பின்னலை நனைத்து, மரத் தலையின்மேல் சுற்றி இழுத்து, ஆவியில் வளைத்து, உள்ளே பட்டு தைப்பாள். வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேச அவளால் முடியும். ராஜாவுக்குப் புத்தி பேதலித்து மகன் ராஜாங்கம் பார்த்த காலம் அது. தொப்பியின் முன்விளிம்பு நாளுக்கு நாள் நீண்டு, பக்கவாட்டில் பார்த்தால் பெண்களுக்கு மூக்கே இல்லை என்று சொல்லும்படி ஆகியிருந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அப்படி நீட்டி நீட்டிச் செய்துகொடுப்பவள், தனக்கு மட்டும் விளிம்பை ஒட்ட நறுக்கி வைத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் கூரை போட்டுட்டு நீங்க மட்டும் மழையில நிக்கிறீங்களேம்மா!" என்று வாடிக்கைக்காரிகள் கேலி செய்வார்கள்.

"எனக்கு வெளிச்சம் வேணும்" என்பாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

ஜோசையா பென்ஃபோல்ட் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் கட்டின நாளிலிருந்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், பற்களுக்கிடையே மாட்டின இறைச்சி நாரை எடுத்துவிட்டு, "சொல்லு, மிஸஸ் பென்ஃபோல்ட்" என்பார். அதற்குள் சொல்ல வந்தது செத்துவிடும். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை பால்குடி மாறுமுன் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த மத்தியானம், "ஆனது ஆச்சு, கடையைத் திறக்கணும்" என்றார். துக்கம் அவருக்கும் இருந்திருக்கலாம். அதைப் பங்கு போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் எதுவும் உடைவதில்லை, எதுவும் சூடாவதும் இல்லை.

ஏமஸுக்கு அவளைக் கொடுத்திருக்கவேண்டியது. அந்தக் கதையை ஊரில் இப்போதும் உச்சுக்கொட்டிச் சொல்வார்கள். திர்ஸாவின் அப்பா மாவு ஆலைக்காரர். தானிய வியாபாரி மாப்பிள்ளைமேல் கண். பக்கத்துப் பட்டணத்துப் பெரிய தேவாலயத்தில் போய் ஓலை கூற, அதாவது கல்யாண அறிவிப்பைச் சபையில் வாசிக்க, சொல்லியிருந்தால் போதும். அங்கே ஒரு ஞாயிறுக்கு எத்தனையோ ஜோடிகளின் கல்யாண ஓலையைக் கடகடவென்று வாசிப்பார்கள். யார் பெயர் என்று யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. யாரும் தடுக்காமல் மூன்று ஞாயிறு தாண்டிவிட்டால் கல்யாணம் கல்யாணம்தான். திர்ஸாவும் அதைத்தான் சொன்னாள். ஏமஸ் கேட்கவில்லை.

"நாம என்ன திருட்டா பண்றோம்? நம்ம ஊர்ல, நம்ம ஜனங்க காதுபடச் சொல்லட்டும்" என்றான்.

சொந்த ஊரில் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையன்று அவளுடைய அப்பா பெட்டிக்குள் எழுந்து நின்று, "நான் தடுக்கறேன்" என்றார். இருபத்தொன்று நிரம்பாத பெண்ணுக்கு அத்தோடு கதை முடிந்தது. குளிர்காலத்துக்குள் அவள் மிஸஸ் பென்ஃபோல்ட் ஆகிவிட்டாள். போட்ட முடிச்சை அவிழ்க்கப் பிரபுக்களே பார்லிமெண்ட் வரை போய் நிற்கவேண்டிய தேசம் அது. தொப்பிக்காரி எங்கே போவாள்? பாதிரியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஏமஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை. வாரம் முழுவதும் பட்டினி கிடந்தவள் ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை சாப்பிடுவதுபோல அவனைப் பார்ப்பாள். அதைக்கொண்டு அடுத்த ஞாயிறுவரை காலம் தள்ளுவாள்.

இந்த வசந்தத்தில் அந்த ஒருவேளைக்கும் ஆபத்து வந்தது. ரொட்டிக்கடை விதவை கெசியா பில்பீம் ஒரு காலையில் மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தாள்.

"ஒரு கல்யாணத் தொப்பி வேணும்மா. யாருக்கும் இல்ல, எனக்குத்தான்! இந்த வயசுல ஆசையப் பாருங்க. ஏமஸ் ஹாப்டன் சரின்னுட்டாரு. வர்ற ஞாயிறு முதல் ஓலை."

திர்ஸா வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்.

"நல்ல மனுஷர்" என்றாள்.

"நல்லவருதான். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். கல்யாணம் ஆனா கோயில்ல என் பக்கத்துல உக்காரணும். அந்த மாடத்துல ஏறி முதுகை வளைச்சுக்கிட்டுக் கிடக்கறதெல்லாம் போதும். நான் சொல்றது நியாயம்தானே?"

"நியாயந்தான். தலையைக் கொஞ்சம் நேரா வையுங்க, அளவு எடுக்கணும்."

இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள் ஏமஸ் வந்தான். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசற்படியை மிதிக்காதவன், தன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு மரத் தலைகளுக்கு நடுவே நின்றான். தாடையில் நரைத்திருந்தது. மாடத்து உயரத்தில் அது தெரிந்ததில்லை.

"வீட்டுக்குப் போனா பேச்சுக்கு ஆள் இல்ல, திர்ஸா. வயசும் ஆகுது. அந்தம்மா கேட்டப்ப சரின்னுட்டேன். ஆனா..." தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நிறுத்திடறேன். மாடத்துலயே கிடக்கறேன். ஞாயிறு ஞாயிறு உன் முகத்தைப் பாத்தா எனக்கு அது போதும்."

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. "யாரது?" என்றார் பென்ஃபோல்ட். சக்கரத்துக்கு விலை பேச வந்ததாக ஏதோ உளறிவிட்டு ஏமஸ் போய்விட்டான்.

வேண்டாம் என்ற வார்த்தை திர்ஸாவின் நாக்கிலேயே இருந்தது. அந்த வாரம் முழுக்க அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். ஏன் சொல்லக்கூடாது? எல்லாம் போய், மிஞ்சினது இது ஒன்று. அதையும் ஒரு ரொட்டிக்கடைக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கவேண்டுமா? ஞாயிறு காலையில் மாடத்தைப் பார்த்துத் தலையை இடவலமாக ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அவனுக்குப் புரிந்துவிடும். வெட்கமில்லாமல் அப்படியே முடிவும் செய்தாள்.

சனிக்கிழமை தொப்பி வாங்க வந்த கெசியா, கண்ணாடி முன் நின்று ரிப்பனைக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டே பேசினாள்.

"நேத்து அவரு வீட்டுக்குப் போய்ப் பாத்தேம்மா. மேஜையில ஒரே தட்டு. பக்கத்துல ஒரே கரண்டி. இன்னொரு நாற்காலிகூட இல்ல, நான் நின்னுக்கிட்டேதான் பேசினேன். இத்தனை வருஷமா ஒரு மனுஷன் இப்படியா இருப்பாரு? யாரு அவரை இப்படி வச்சது?"

திர்ஸா அவளைத் தன்பக்கம் திருப்பி, ரிப்பனை அவிழ்த்து, தாடைக்குக் கீழே தானே அழகாகக் கட்டிவிட்டாள். நேரம் அதிகம் எடுத்தது.

மூன்றாம் ஓலை. பாதிரியார் பெயர்களை வாசித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; அன்று அந்த ஊர் வாய் தானாக மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டது. பாதிப் பேர் திர்ஸாவின் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. பாதிரியார் சங்கீதத்தின் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பெரிய பிடில் முதல் சுரத்தைக் கொடுத்தால்தான் சபை எழுந்து திரும்பும். சுரம் வரவில்லை. ஏமஸ் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி கீழே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ இருமினார்கள். புல்லாங்குழல்காரன் அவனை முழங்கையால் இடித்தான். அப்போதும் வில் இறங்கவில்லை.

திர்ஸா அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு, சரி என்பதுபோலத் தலையை மேலும் கீழும் அசைத்தாள்.

"கோயில்ல தூங்கி விழாதே, மிஸஸ் பென்ஃபோல்ட்" என்று எதிரிலிருந்து முணுமுணுத்தார் கணவர்.

அவன் இன்னும் வாசிக்கவில்லை. அவள் மறுபடியும், இந்தமுறை மோவாய் நெஞ்சில் படும்படி, தலையை அசைத்தாள்.