சேர் டாக்டரின் சக்கர ஷூ

“நான் மாட்டின சக்கரம் கழண்டதா சரித்திரமே கிடையாது சார்!”

இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது சேர் டாக்டர் ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். அவருக்கு மேலே மேலாளரின் சுழல் நாற்காலி ஒருக்களித்துக் கிடந்தது. நாற்காலியை இழந்த மேலாளர் பதவியையே இழந்தவர்போல் கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றார். படுத்தபடி ஜம்பம் அடிப்பது எல்லோருக்கும் கைவராது. குரல் மேசைக்கு அடியிலிருந்து வரும், முகம் தெரியாது, இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தும் அறையில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள் என்றால், அது டாக்டரின் தொண்டைக்கு உள்ள மகிமை.

டாக்டர் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குத் தரவில்லை. ஆபீஸ் ஆபீஸாகப் போய், ஏறாத நாற்காலியை ஏற்றி, இறங்காததை இறக்கி, கிறீச்சிடுவதன் வாயை அடைத்து, நொண்டுவதற்குக் கால் கொடுத்து வந்ததைப் பார்த்து ஊரே கொடுத்தது. அவரும் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் நாற்காலியைப் ‘பேஷண்ட்’ என்றுதான் குறிப்பிடுவார். வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. முதுகு முறிந்தவை, கை போனவை, உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாதவை எல்லாம் அங்கே சுவரோரம் சாய்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் நின்றுகொண்டுதான் பேசுவார்கள்.

அவர் அடித்த ஜம்பத்தில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். பொய் ஜம்பம் என்றால் காதில் வாங்காமல் போய்விடலாம். உண்மை ஜம்பத்தோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. அந்தச் சிரமத்தை நன்றாக அறிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடிக்குப் பின்னால், கணவர் சீர்செய்து கொடுத்த சுழல் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். “ஊரையெல்லாம் ஏத்தி அனுப்புறேன். நான் மட்டும் உட்கார்ந்த இடத்துலயே சுத்திக்கிட்டிருக்கேன்” என்று அடிக்கடி சொல்வாள். டாக்டர் அதை நாற்காலிக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வார். “வழவழன்னு சுத்துதா?” என்று கேட்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கிடங்கை யாரோ எடுத்து, தரையைக் கண்ணாடி மாதிரி இழைத்து, ஸ்கேட்டிங் கூடம் ஆக்கினார்கள். மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று பலகையும் தொங்கவிட்டார்கள். டிக்கெட் கண்ணாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை நேராகத் தெரியும். பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவள் வாயைத் திறந்தாள்.

“நானும் சேரலாம்னு இருக்கேங்க.”

“எதுல?”

“ஸ்கேட்டிங்ல.”

இந்த இடத்தில் சிரிக்கிற கணவன் உண்டு. ‘இந்த வயசுலயா?’ என்கிற கணவனும் உண்டு. டாக்டர் அந்த ரகமில்லை. சக்கரம் என்று வந்துவிட்டால் வயது, இடுப்பு, எலும்பு எதுவும் அவர் நினைவுக்கு வராது.

“தாராளமா சேரு” என்றார்.

“ஷூ வாங்கணும். கடையில பார்த்து வச்சிருக்கேன்.”

“கடையிலயா?” டாக்டரின் முகம் மாறிவிட்டது. “ஷூ வீட்டுல இருக்கு. சக்கரம் வீட்டுல இருக்கு. ரெண்டையும் சேர்த்து வைக்க கடைக்காரன் என்ன கல்யாணத் தரகனா?”

நடைப்பயிற்சிக்கென்று வாங்கி, நடக்காத காரணத்தால் புதிதாகவே இருந்த அவளுடைய கேன்வாஸ் ஷூ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே இருந்த மெத்தையை டாக்டர் உரித்தார். பாதத்தின் வடிவத்துக்கு அலுமினியத் தகடு வெட்டி அடியில் வைத்து, ரப்பரையும் தகட்டையும் சேர்த்துத் துளை போட்டார். தட்டைத் தலை போல்ட்டை உள்பக்கமிருந்து இறக்கி, வாஷர் போட்டு, நட்டை முடுக்கி, மெத்தையைத் திரும்ப ஒட்டினார். ஒரு ஷூவுக்கு நான்கு வீதம் நாற்காலிச் சக்கரங்கள். “லாரி ஏறினாலும் அசையாது” என்று தன் கைவேலைக்குத் தானே சான்றிதழும் வழங்கிக்கொண்டார்.

அசையவில்லைதான். பிழை வேறிடத்தில் இருந்தது. காலமெல்லாம் நாற்காலியோடு பழகிய ஒருவரைத் தவிர உலகில் வேறு யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. நாற்காலிச் சக்கரம் தன் கழுத்தில் நின்று எல்லாப் பக்கமும் திரும்பும். திரும்பாத சக்கரம் டாக்டரைப் பொறுத்தவரை நோய்ப்பட்ட சக்கரம். ஆகவே ஷூவில் இருந்த அத்தனை சக்கரமும் அத்தனை திசைக்கும் தங்குதடையின்றித் திரும்பும்படி, கழுத்துக்குக் கழுத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தார்.

வெள்ளோட்டம் வீட்டு நடையில் நடந்தது. டெலிவரி வேன் ஓட்டும் மனைவியின் தம்பி, டீ குடிக்க வந்த இடத்தில் பார்வையாளனாகச் சுவரோரம் ஒண்டினான். அவள் ஷூவைக் கட்டிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து எழுந்து, கையை விட்டாள். இடது கால் சமையலறைக்குப் புறப்பட்டது. வலது கால் வாசலுக்குப் புறப்பட்டது. மீதி ஆள் எந்தக் காலோடு போவதென்று தெரியாமல் தத்தளித்து, அரை வட்டம் அடித்து, முன்னறையில் ஒரு பேஷண்ட்டின் மடியில் போய் உட்கார்ந்தது.

“பார்த்தியா, என்னமா திரும்புது! எட்டுத் திசையும் உனக்குத்தான்!” என்றார் டாக்டர்.

“எனக்கு ஒரு திசை போதுங்க” என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

“மாமா, இதைப் போட்டுக்கிட்டு அக்கா வெளிய போனா, அப்புறம் அக்காவைத் தேடிக்கிட்டு நாம போகணும்” என்றான் தம்பி.

“மச்சான், நீ நாலு சக்கரத்துக்கு லைசென்ஸ் வாங்கினவன். இது எட்டு. உனக்குப் புரியாது.”

முதலில் தரை சரியில்லை என்றார். பிறகு அவள் நிற்கும் விதம் சரியில்லை என்றார். அதற்கும் பிறகு, பிள்ளைகள் பழகும் நேரமாகப் பார்த்துக் கிடங்குப் பக்கம் போய், ஏதோ ஜன்னல் வாங்க வந்தவர்போல் அதன் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து எல்லாச் சக்கரங்களின் கழுத்தையும் எடுத்தார். இரும்புப் பட்டையை வளைத்து, குறுக்கே அச்சுக் கொடுத்து, முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி என்று நேராகப் பூட்டினார். நிற்பதற்கு என்ன வழி என்று அவள் கேட்டதும், கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் பூணை ஷூவின் நுனியில் மாட்டினார். திருத்தம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்க அனுமதி இல்லை. இது அடுத்த மாடல்.

“அப்போ முதல்ல மாட்டின சக்கரம் கழண்ட கணக்குத்தானே மாமா?” என்று தம்பி வாயைக் கொடுத்தான்.

“கழட்டுறது வேற, கழண்டு விழறது வேற. வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

அடுத்த மாடல் ஓடியது. நன்றாகவே ஓடியது. கெட்டி நைலான் சக்கரம் சிமெண்ட் தரையில் கடகடவென்று சரக்கு வண்டிபோல் சத்தம் போட்டதால், கூடத்தில் அவளுக்கு ‘டிராலி’ என்று பெயர் வந்தது. அவள் கவலைப்படவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுநாளும் போனாள். கூடத்தின் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் ‘விசில் டீச்சர்’. “நேர்ல போனா நீ ரயிலும்மா. வளைவுல தண்டவாளம் இல்லாத ரயில்” என்பது அவருடைய மதிப்பீடு. கடை ஷூவில் உடம்பைச் சாய்த்தால் சக்கரமும் கூடவே திரும்பிக் கொடுக்கும். டாக்டரின் அச்சு கொண்ட கொள்கையிலிருந்து இம்மியும் நகராது.

வீட்டில் தினமும் ஒரே விசாரணை.

“கழண்டுச்சா?”

“கழலலைங்க.”

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஷூவை வாங்கி, பழைய பனியன் துணியால் துடைத்து, பேஷண்ட்டுகளுக்கு மேலே தனி அலமாரியில் வைப்பார்.

இப்படியிருக்க, பக்கத்து ஊர்ப் பெண்களோடு தொடர் ஓட்டப் போட்டி என்று செய்தி வந்தது. ஓர் அணிக்கு நான்கு பேர். நான்காவது ஆளாகத் தன்னைச் சேர்த்திருப்பதாக அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் காது நுனி சிவந்து டாக்டர் பார்த்ததில்லை.

“ஓடப்போறது நீ, ஓட்டப்போறது என் சக்கரம்!” என்று குதித்தார். போகிற ஆபீஸில் எல்லாம், மேசைக்கு மேலேயும் அடியிலும், அதே பேச்சு. முன்வரிசையில் உட்காரப் போவதாகவும் அறிவித்துவிட்டார். அவள் மட்டும் அதன்பிறகு கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பந்தயப் பயம் என்று டாக்டர் நோய்நிர்ணயம் செய்தார்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை ஒரு போன் வந்தது. விசில் டீச்சரின் நாற்காலிக்குச் சக்கரம் சிக்கிக்கொண்டதாம். எந்த நாற்காலியின் முதுகிலோ ஒட்டியிருந்த டாக்டரின் எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார்; டிராலியின் கணவர் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டர் போனார். கூடத்தின் ஓரத்தில் பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறை. வழக்கம்போல் மேசைக்கு அடியில் படுத்து வேலையைத் தொடங்கினார்.

அறைக் கதவு திறந்திருந்தது. தரையோடு தரையாகக் கிடப்பவருக்கு உலகம் கணுக்கால்வரைதான் தெரியும். கூடத்தில் போகும் வரும் ஷூக்களைத் தொழில்முறைக் கண்ணோடு பார்த்தார். அவற்றில் ஒரு நீல ஜோடி வளைவுக்கு வந்தது. சத்தமே இல்லை, சர்ரென்று காகிதம் கிழிகிற ஓசை மட்டும். உள்பக்கம் சாய்ந்து, வலது காலை இடது காலுக்கு மேலே போட்டு, மறுபடி போட்டு, தண்ணீர்போல் வழிந்துபோனது. ‘சபாஷ்! கால்னா இது கால்!’ என்று டாக்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

நீல ஷூ நேராக அறைக்குள் வந்து நின்றது. அவர் மனைவியின் குரலில் பேசியது.

“டீச்சர், நாளைக்கு நான் வீட்டு ஷூவையே போட்டுக்கறேன்.”

வெளியே நீட்டிக்கொண்டிருந்த டாக்டரின் கால்கள், தொழில் சரித்திரத்தில் முதன்முறையாக, மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளப்பட்டன.

“அந்த டிராலியையா?” என்றார் விசில் டீச்சர். “வளைவுல எல்லாரையும் கவுத்துடுவியே! கிளப் ஷூவுல இத்தனை நாளா நல்லாத்தானே பழகுற?”

“அவரு முன்வரிசையில உட்காருவாரு டீச்சர். ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு.”

“அப்போ அவர்கிட்ட உள்ளதைச் சொல்லு.”

“சொல்லத்தான் போறேன். தினமும் அதைத் தொடச்சு அலமாரியில வைக்கறாரு. அதைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது.”

“இதோ பாரும்மா, எனக்கு ஜெயிக்கணும். நீ அதைத்தான் போடுவேன்னா உன் இடத்துல வேற ஆளைத்தான் இறக்கணும்.”

நீல ஷூவின் ஒரு நுனி மற்றதன் குதிகாலை மெல்ல உரசியது.

“இறக்கிக்குங்க டீச்சர்” என்றாள்.

அவள் போன பிறகும் மேசைக்கு அடியில் ஸ்பானர் சத்தம் கேட்கவில்லை. “என்னப்பா, தூங்கிட்டியா? சக்கரம் நிக்குமா?” என்று விசில் டீச்சர் குனிந்து பார்த்தார்.

“நான் மாட்டின சக்கரம்...” என்று டாக்டர் ஆரம்பித்தார். பிறகு, “நிக்கும்” என்றார். அவர் வாழ்க்கையிலேயே கொடுத்த மிகச் சுருக்கமான கேரண்டி அதுதான்.

மறுநாள் காலை அவள் தலையை வாரி முடிந்துகொண்டு முன்னறைக்கு வந்தபோது, டாக்டர் பேஷண்ட்டுகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கேன்வாஸ் ஷூ.

“ஏங்க, இன்னைக்கு நீங்க வரவேணாம். என்னை வந்து...”

“அதை விடு. இங்க பாரு.”

கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு சக்கரமும் ஒரு நட்டும் இருந்தன.

“என்னங்க இது?”

“கழண்டுடுச்சு.”

அவள் குனிந்து பார்த்தாள். டிக்கெட் கொடுப்பவள்தான் என்றாலும் நட்டுகளுக்கு நடுவே குடித்தனம் நடத்துபவள். நட்டின் மரையில் ஒரு தேய்மானம் இல்லை. கடையிலிருந்து வந்த அன்றுபோல் மின்னியது. அவர் முழங்காலுக்கு அடியில் ஸ்பானரின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க மாட்டினதா?” என்றாள் மெதுவாக.

“நான் மாட்டினதுதான். துடைக்கும்போது கையோட வந்துடுச்சு. இதை நம்பி வளைவுல இறங்காதே. டீச்சர்கிட்ட கேட்டா ஒரு ஜோடி தராமலா போயிடுவாங்க? கிளம்பு, நேரமாகுது.”

அவள் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒன்னுதானேங்க. முடுக்கினா சரியாயிடுமே.”

டாக்டர் முழங்காலுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். அவள் பார்க்கப் பார்க்க, அடுத்த சக்கரத்தின் நட்டில் அதைக் கொடுத்துத் திருகினார்.

“ஒன்னுன்னு யார் சொன்னா? இதுவும் ஆடுது பாரு” என்றார்.