பூட்ஸுக்கு லீவு

அமீரகத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் துணி துவைக்கும் அறையில் எனக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. கோல் போட்டவன் பனியனும் போடாதவன் பனியனும் ஒரே மாதிரிதான் நாறும். அதனால் எந்த ஆட்டக்காரரையும் நான் வாய் பிளந்து பார்த்ததில்லை, அந்த ஜெர்மன்காரர் ஒருவரைத் தவிர.

முப்பத்தைந்து வயதில் எங்களிடம் வந்தார். நடுக்கள ஆட்டக்காரர். பந்தியில் பரிமாறுகிறவர் வேலை மாதிரி அது. பந்தை வாங்கி, வேண்டியவர் காலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெயரெல்லாம் கோல் போட்டவருக்குப் போய்விடும்.

பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் என் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் வெள்ளை பூட்ஸைத் தானே தேய்ப்பார். சின்ன வயதில் அவர்கள் ஊரில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். தேய்த்தபடியே கதை சொல்வார். பதினெட்டு வயதில் இரண்டாம் டிவிஷன், பிறகு எட்டு வருடம் முதல் டிவிஷன், முழங்காலில் இரண்டு ஆபரேஷன். நாட்டு அணிக்கு ஒரே ஒரு முறை கூப்பிட்டார்களாம். ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் பிரஷ் நின்றுவிடும்.

இரண்டாம் வருடம் புதுக் கோச் வந்தார். தொடர்ந்து ஐந்து ஆட்டம் இவரைப் பெஞ்சில் வைத்தார். ஆள் மாற்றுவதற்கான கெடு முடிவதற்குள் இவரை அனுப்பிவிட்டு வேறு வெளிநாட்டு ஆளை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. இவரும் என் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பூட்ஸ் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. நானே எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அறை மூலையில் அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின், பிரஷ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். புகை அலாரத்துக்குப் பயந்து சூடம் மட்டும் கிடையாது. ஸ்டோர் பொறுப்பில் இருந்த கீழக்கரை பாய் கண்டும் காணாமல் போய்விட்டு, சாயங்காலம் பொரி கேட்டு வருவார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. அந்த வருடம் அன்றைக்கே ஆட்டமும் இருந்ததால், துவைக்கிற வேலையை முதல் நாளே முடித்துவிட்டேன்.

ஜெர்மன்காரரின் பூட்ஸையும் வரிசையில் வைத்தேன். கால் செருப்பைப் பூஜையில் வைத்தால் ஊரில் உதைப்பார்கள். ஆனால் அவருக்குச் சோறு போட்ட ஆயுதம் அதுதானே? எப்படியும் பெஞ்சுதான், அதற்கு அவரிடம் இருக்கிற புது ஜோடி போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக ஜெர்மன்காரரை இறங்கச் சொல்லிவிட்டார்கள். பழைய பூட்ஸைத் தேடி அவரே வந்தார். பின்னாலேயே பாயும் வந்தார். பூட்ஸின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி.

"சார், டுடே பூட்ஸ் ஹாலிடே" என்றேன். வேறென்ன சொல்ல?

எப்போது வைத்தாய் என்று கேட்டார். காலையில் என்றேன். பிறகு அவர் இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டதைத் தமிழில் இப்படித்தான் சொல்ல முடியும்:

"அப்ப நீயும் நான் ஆட மாட்டேன்னு நெனச்சுட்டியா?"

உண்மை அதுதான். வெட்கமாக இருந்தது.

பாய்தான் சொன்னார்: "எடுத்துக் குடு தம்பி. ஒஞ் சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

எடுத்துத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அப்படியே மாட்டிக்கொண்டு போனார்.

தொண்ணூறு நிமிடமும் ஆடினார். கோல் போடவில்லை. இடது ஓரத்துக்கு ஒரு பந்து கொடுத்தார், அதிலிருந்து ஒரு கோல் விழுந்தது. வியர்வையில் குங்குமம் பூட்ஸின் தோலில் ஊறிப்போனது. அடுத்த ஆட்டத்திலும் கோச் அவரையே இறக்கினார். கெடு தாண்டியது. அந்த சீசன் முழுக்க ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

கிளம்புகிற அன்று வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். சிவப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்த்து, பூட்ஸை என் கையில் கொடுத்தார்.

இந்த வருட பூஜையிலும் அது இருந்தது. யாரும் கேட்டு வரப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் அவர் ஆட வரமாட்டார் என்று மறுபடி நினைக்க மனம் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.