லைன் பந்த்

மின்சாரத்தில் இரும்பு உருக்கும் உலைகளை வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு விற்று, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது அப்போது என் பிழைப்பு. மல்காஜ்கிரியில் எங்கள் தெருவே என்னை அடுப்பு வியாபாரி என்று நினைத்திருந்தது. நானும் திருத்தவில்லை. ஓட்டிக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு.

அந்த உலை சனத்நகரில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு வந்தது. உருகிய இரும்புக்கும் உலையைச் சுற்றிய செம்புக் குழாய்க்கும் நடுவே நாலு விரல் கனத்துக்கு மண் பூச்சு, அவ்வளவுதான். குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குழாய் உருகும். தண்ணீரும் இரும்பும் சேர்ந்துவிட்டால் கூரையும் மிஞ்சாது, கீழே நிற்பவர்களும் மிஞ்சமாட்டார்கள்.

முதல் நாள், உலை மூட்டுவதற்கு முன், தண்ணீர்க் குழாயில் கசிவு. ஆபரேட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் அரைகுறை ஹிந்தியில் அவரிடம், "லைன் பந்த் கரோ" என்றேன், லைனை மூடு என்று. "ஹவ் ஸாப்" என்று அந்த ஊர் ஹிந்தியில் ஆமாம் போட்டுத் தலையாட்டி, வால்வை மூடினார். சபாஷ் என்றேன்.

மறுநாள் காலை உலை நிறைய இரும்பு உருகி நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பூச்சில் எங்கோ விரிசல், உடனே கரண்ட்டை நிறுத்த வேண்டும். "லைன் பந்த் கரோ" என்று கத்தினேன். உலையின் ரீங்காரம் அடங்கியது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், தண்ணீர் திரும்பி விழும் தொட்டியில் சத்தமே இல்லை. ஆறு குழாய் வாயும் காய்ந்து கிடந்தன.

நான் சொன்னது கரண்ட் லைனை. அவர் மூடியது, முந்தின நாள் போலவே, தண்ணீர் வால்வை. தண்ணீர் நின்றதால்தான் கரண்ட் தானாக அறுந்திருக்கிறது.

வாசல் எத்தனை அடி என்றுதான் கண் முதலில் அளந்தது. வால்வைத் திறந்தால், காய்ந்த குழாயில் தண்ணீர் ஆவியாகி வெடிக்கலாம். திறக்காவிட்டால் குழாய் உருகுவது நிச்சயம். கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தேன். ஆவி சீறியது, பிறகு கொதிநீர் துப்பியது. ஆறாவது குழாயிலும் தண்ணீர் விழுந்த பிறகுதான் வால்விலிருந்து கையை எடுத்தேன்.

இரும்பைச் சாய்த்துக் கொட்டி உலையைக் காலி செய்தோம். மேனேஜர் ஓடிவந்து, வால்வை மூடியது யார் என்று கத்தினார்.

"வால்வ் கோன் பந்த் கியா?"

ஆபரேட்டர் என் பக்கம் குனிந்து, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். "ஆப்பிச் போலே நா ஸாப், லைன் பந்த் கரோ போல்கே."

நான்தான் சொன்னேன். ஆர்டர் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்ற நினைப்பில் காலி உலையைக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். மேனேஜர் மறுபடி கேட்டார்.

"மைச் கியா" என்றார் ஆபரேட்டர், நான்தான் மூடினேன் என்று.

அடுத்த வாரம் போனபோது உலையின் ஸ்விட்ச் பேனலில் வேறு ஆள் இருந்தார். வால்வுக்கு மேலே தண்ணீர் என்றும் பேனலில் கரண்ட் என்றும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் எழுதச் சொன்னேன். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு புது ஆள் என்னிடம் கேட்டார், முன்பு இருந்தவருக்குக் காது மந்தமாமே, அதனால்தான் நிறுத்திவிட்டார்களாமே என்று.

"ஹவ்" என்றேன்.