சுட்டமேடு

கிள்ளை உப்பங்கழியில் கையால் துழாவி எறா பிடிக்கும் இருளர்களில் செல்லாயியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் பறி நிறைந்த பிறகுதான் கரையேறுவாள். வாயில் பறி இருந்தால் பேச முடியாது. அதுவும் நல்லதற்குத்தான் என்று ஐம்பது வருஷம் இருந்துவிட்டாள். எங்கே எது களவு போனாலும் போலீஸ் முதலில் வந்து நிற்பது இருளர் குடிசை வாசலில்தானே! அவள் புருஷன் குப்பன், செய்யாத தேங்காய்த் திருட்டுக்கு இரண்டு முறை உதை வாங்கியவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு காலை, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சுப்பராயலு சிதம்பரத்திலிருந்து ஜீப்பில் வந்தார். ரோடு போட மண் வேண்டுமாம். கழியோரத்துச் சுட்டமேட்டை அளந்தார்கள். கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

“ஏன் இந்தப் பேரு?” என்று கேட்டார் சுப்பராயலு.

“வெள்ளக்காரன் காலத்துல ரயில் பாதைக்கு இங்கதான் சார் செங்கல் சுட்டாங்க,” என்றார் ஊர்ப் பெரிய மனிதர் தட்சிணாமூர்த்தி, கொஞ்சமும் கூசாமல்.

“சமாதி கிமாதி எதுனா?”

“ஒண்ணும் கெடையாது சார்.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நாளைக்கே மண்வெட்டி இறங்கும்.

கரையோரத் தண்ணீரில் நின்ற செல்லாயி காதில் எல்லாம் விழுந்தது. திருட்டு உப்பு வாரினார்கள் என்று ஒரு துரை ஏழு இருளர்களைச் சுட்டுப் புதைத்த மேடு அது. அப்போது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். செத்தவர்களில் அவள் அப்பனும் ஒருவன். ஏழு பேரையும் அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கினாள். வெளியே மூச்சு விடாதே என்றும் சொன்னாள். ஊருக்கென்ன, சுட்டது செங்கல் என்றால் சௌகரியம்.

வாயைத் திறந்தால் குடிசைக்கு ஆபத்து. திறக்காவிட்டால் அப்பன் எலும்பு ரோட்டுக்கு அடியில். கான்ஸ்டபிள் வேறு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பறியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

“சாமி, சுட்டது கல்ல இல்ல. எங்க ஆளுங்கள.”

“ஏய், போயி எறாவப் புடி!” என்று தட்சிணாமூர்த்தி சீறினார்.

சுப்பராயலு அவரைக் கையமர்த்தினார். “ரெக்கார்டுல இல்லியேம்மா. செத்தவுங்க பேரு தெரியுமா?”

“தெரியும் சாமி. காத்தான். வேம்புலி. பூச்சி. மண்ணாங்கட்டி. சின்னப்பையன். ஏழுமல.” மேட்டைக் கைகாட்டினாள். “எங்கப்பன் நாகன்.”

இன்ஸ்பெக்டர் செங்கல் என்று எழுதியதை அடித்துவிட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். “மேல எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் மண் எடுக்க வேணாம். சொன்னது யாருன்னு போடணும், உன் பேரு?”

கான்ஸ்டபிள் சட்டைப் பையைத் துழாவினான். அவள் அதைப் பார்த்தாள்.

“செல்லாயி. குப்பன் பொஞ்சாதி.”

செத்த ஏழு பேரை இன்ஸ்பெக்டர் எழுதி முடித்திருந்தார். உயிரோடு இருந்த இரண்டு பேரைக் கான்ஸ்டபிளும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.